பேர் எழுதின கிடா

2014ஆம் ஆண்டு ஆடி முதல் செவ்வாய்க்கிழமை காலையில், ஆண்டிமடத்துக்குக் கிழக்கே முந்திரிக்காட்டை ஒட்டிக் குடியிருந்த கொளஞ்சியப்பனின் வெள்ளாடு இரண்டு குட்டி ஈன்றது. பெட்டை கறுப்பு. கிடா வெள்ளை, அதன் இடது விலாவில் பதினான்கு வரி எழுத்து இருந்தது. வலது ஓரம் கத்தரித்தது போல ஒரே சீராகவும், இடது ஓரம் கொஞ்சம் முன்பின்னாகவும் இருந்தது. தாயாடு குட்டியின் உடம்பு முழுவதையும் நக்கித் துடைத்துவிட்டு அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டது.

பார்க்க வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள், ஆனால் அளவாக. அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலாகக் கிடந்தது. சுண்ணாம்புக்கல் தோண்டும் இடத்தில் சுருண்ட நத்தைக் கல்லும் சிப்பியும் இன்றும் வண்டி வண்டியாக வருகின்றன. அதனால் தரைக்குள்ளிருந்தோ ஆட்டின் வயிற்றிலிருந்தோ எது வெளியே வந்தாலும், அதை ஒரு பக்கமாக வைத்துவிட்டு மிச்ச வேலையைப் பார்ப்பது இங்கே பழக்கம். கால்நடை மருத்துவர் ஆட்டைப் புரட்டிப் பார்த்து, நிறமி சம்பந்தப்பட்டது என்று எழுதிக்கொடுத்துப் போனார். கூடவே குடற்புழு மாத்திரையும் கொடுத்தார்.

எழுத்தை முதலில் ஒழுங்காகப் பார்த்தவர் சாமிதுரை. அவர் வீரனார் கோயில் பூசாரி. கோயில் இல்லாத நாட்களில் ஜெயங்கொண்டத்துப் பாத்திரக்கடை ஒன்றின் வாசலில் உட்கார்ந்து, கரண்டில் ஓடும் ஊசியால் குடத்திலும் அண்டாவிலும் பேர் வெட்டுபவர். கல்யாணச் சீர்ப் பாத்திரம் எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. குட்டியை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நாம எழுதறது கோட்டு மேல உக்காரும்டா. இது கோட்டுல தொங்குது, கொடியில துணி மாதிரி. கோடு மையால போட்டதில்ல, வெறுமன கீறினது. ஆனா நல்ல தொழில்காரன். ஒரு எடத்துலகூட கை வழுக்கல” என்றார்.

கொளஞ்சியப்பனுக்கு அந்த நேரத்தில் எழுத்தைப் பற்றிய கவலை இல்லை. அவர் மனைவி வெற்றிச்செல்வி எட்டு வருடமாக ஜெருசலேமில் இருந்தாள். நர்ஸ் படிப்பு படித்துவிட்டு, எலியேசர் என்ற வயதானவரை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவள். அந்த ஆடியில் அங்கே சண்டை. அபாயச் சங்கு ஊதினால் பெரியவரைச் சக்கர நாற்காலியோடு மாடிப்படிக்கு அடியில் தள்ளிக்கொண்டு போய் நிற்பதாக போனில் சொன்னாள்; சொல்லும்போதே பின்னால் சங்கு ஊதியது. கொளஞ்சியப்பன் போனைப் பையில் போட்டுவிட்டு, அன்று பிறந்த கிடாக்குட்டியின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டினார். “வீரனாரே, என் பொண்டாட்டி உசுரோட வந்து சேரட்டும். இத ஒனக்கு வெட்டறேன்” என்றார். வேறு கிடா அப்போது அவரிடம் இல்லை.

ஒன்பதாம் நாள் வெற்றிச்செல்வி வந்துவிட்டாள். பெட்டியை வாசலில் இறக்கியவள் புருஷனைப் பார்ப்பதற்கு முன்னால் குட்டியைப் பார்த்தாள். பெட்டியைத் தாண்டிப் போய் அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, விரலால் வலது பக்கத்திலிருந்து இடது பக்கமாகத் தொட்டும் தொடாமலும் போனாள். வரவேற்க ஆரத்தித் தட்டோடு நின்ற நாத்தனார் சம்பூர்ணத்துக்குக் கை வலித்தது. “ஆட்டுக்கு மொதல்ல சுத்தட்டுமா?” என்று கேட்டாள்.

பெரியவர் எலியேசர் வேலையில் இருந்த காலத்தில், பாலைவனக் குகைகளில் ஜாடிகளுக்குள் கிடைத்த தோல் ஏடுகளை ஒட்டிச் சேர்க்கும் பணிமனையில் நாற்பது வருடம் இருந்தவர். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஏடுகள், பெரும்பாலும் ஆட்டுத்தோல். நடக்க முடியாமல் போன பிறகும் அவர் படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார். கேட்க ஒரே ஆள் வெற்றிச்செல்விதான். சூப் ஆறும்வரை ஒரு துண்டு, மாத்திரைக்கு முன்னால் ஒரு துண்டு என்று எட்டு வருடம் கேட்டதில் அவளுக்கு அது கைவந்துவிட்டது. இப்போது அதையெல்லாம் முந்திரிக்காட்டு ஓரத்தில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினாள். எழுதுபவன் முதலில் எலும்பு முனையால் தோலில் கோடு கீறுவான், பிறகு எழுத்தை அந்தக் கோட்டிலிருந்து கீழே தொங்கவிடுவான். மொத்தம் இருபத்திரண்டு எழுத்து. எல்லாம் மெய் மாதிரி. உயிர் ஒலியைப் படிக்கிறவர்தான் தன் வாயிலிருந்து போட்டுக்கொள்ள வேண்டும். அதனால் தெரிந்தவர் படித்தால்தான் அது பேசும்.

ஆட்டின் மேல் இருந்தது எபிரேயம், யாரோ நன்றி சொல்லிப் பாடிய பாட்டு. எழுத்துகள் சதுரமாக இருந்தன. எபிரேயம் பேசிய மக்கள் பாபிலோனுக்குப் போய்த் திரும்பிய பிறகு அரமேயக்காரர்களிடம் எடுத்துக்கொண்ட எழுத்து அது. ஆனால் ஒன்பதாவது வரியில் நான்கு எழுத்து மட்டும் வேறு மாதிரி, குச்சியும் கொம்புமாக இருந்தன. அவை அதற்கும் முந்திய பழைய எழுத்து.

“அது சாமி பேரு. மத்ததெல்லாம் புது எழுத்துல எழுதினாலும், அத மட்டும் பாட்டன் காலத்து எழுத்துலயே எழுதுவாங்க சில பேரு. அத வாயால சொல்லவே மாட்டாங்க.”

“ஏன், சொன்னா என்னவாம்?” என்றாள் சம்பூர்ணம்.

“ஒங்க வூட்டுக்காரர் பேர நீங்க ரேஷன் கடையில சொல்ல மாட்டீங்க இல்ல, அந்த மாதிரி.”

சம்பூர்ணத்துக்கு உடனே புரிந்துவிட்டது. இதே விளக்கத்தை வெற்றிச்செல்வி பெரியவரிடமும் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அன்றைக்கு நெபுலைசர் வைக்க வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பேர் எழுதிய ஏடு கிழிந்தாலும் குப்பையில் போட மாட்டார்கள் என்றும் சொன்னாள். ஒரு அறையில் சேர்த்து வைப்பார்கள். அறை நிறைந்ததும் மனிதரைப் போலப் புதைப்பார்கள். இதைக் கேட்டு யாரும் அதிசயப்படவில்லை. காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர்தான் இது. கொளஞ்சியப்பன் மட்டும், பேச்சு எங்கே போகிறது என்று தெரிந்து, எழுந்து போய் ஆட்டுக்குத் தழை ஒடித்தார்.

வெற்றிச்செல்வி திரும்பிப் போகவில்லை. விசாவின் காலம் முடிந்துவிட்டது, புதுசு கிடைக்கவில்லை. கார்த்திகை மாதத்தில் பெரியவரின் மகள் போன் பண்ணி, அப்பா தூக்கத்தில் போய்விட்டார் என்றாள். போனை வைத்த பிறகு வெற்றிச்செல்வி சோற்றை வடித்தாள், துணியை மடித்தாள். ஆனால் அவள் கைக்கடிகாரம் ஜெருசலேமிலிருந்து கொண்டுவந்தபடியே இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடியது, திருப்பி வைக்கவில்லை. காலையில் டீ போட்டால் மூன்று டம்ளர் ஊற்றுவாள், ஒன்றில் சர்க்கரை இருக்காது. அதைச் சில நாள் கொளஞ்சியப்பன் குடித்தார். அவள் கிளம்பிய நாளில் பெரியவரிடம் தமிழில் “போயிட்டு வரேன்” என்றிருக்கிறாள். போவது நீதானே, வருவது எதற்கு என்று அவர் கேட்டாராம். எங்கள் ஊரில் போறேன் என்று யாரும் சொல்ல மாட்டோம், வருவேன் என்று சொல்லித்தான் போவோம் என்றாளாம். அப்படியானால் நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டு, அவள் சொல்லிக்கொடுக்க, அவர் ஒரு சீட்டில் தன் எழுத்தில் குறித்துக்கொண்டிருந்தபோது டாக்சி வந்துவிட்டது. பதிலைக் கேட்காமலே அவள் படியிறங்கினாள். இது ஒன்றுதான் அவளுக்கு ஆறவில்லை.

மாசித் திருவிழாவில் கிடாயை வெட்ட வேண்டும். அவள் வேண்டாம் என்றாள். பெரியவரின் அறையிலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது இந்த ஆடு ஒன்றுதான் என்றாள். கொளஞ்சியப்பன் கோபப்படவில்லை, பயந்திருந்தார். “நேந்துக்கிட்டது ஒனக்காக. அத வெட்டாத வரைக்கும் நீ வந்ததா கணக்கில்ல. ஏர்போர்ட்டுல எறங்கின, அவ்வளவுதான். வூட்டுக்கு இன்னும் வரல. வீரனாரு ஒன்னத் திருப்பிக் கேட்டுட்டா நான் எங்க போவேன்?” என்றார்.

மாசியில் உறவு எல்லாம் கூடியது. கிடா வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாதவரை அரிவாளை ஓங்கக் கூடாது. வெற்றிச்செல்வி குடத்தைப் பிடித்துக்கொண்டாள். “இது கரி மை. விளக்குப் புகையையும் பிசினையும் கொழைச்சுப் பண்றது. தண்ணி பட்டா கரைஞ்சிடும்” என்றாள். சம்பூர்ணம் குடத்தைப் பிடுங்கி ஊற்றினாள். “கட்டின புருசனப் பாத்துக்கிட்டதவிட அந்தக் கெழவனப் பாத்துக்கிட்டதுதான் ஒனக்குப் பெருசா?” என்றும் கேட்டாள். பாட்டு கறுப்புத் தண்ணீராகக் கிடாயின் வயிற்றிலிருந்து சொட்டி மண்ணில் இறங்கியது. நான்கு பழைய எழுத்து மட்டும் கரையாமல் நின்றது. கிடா சிலுப்பவில்லை. இரண்டு குடம், நான்கு குடம் ஊற்றினார்கள். பொழுது சாயும்வரை நின்று, ஈரத்தோடு அசை போட்டுக்கொண்டிருந்தது. கோழி வாங்கி வந்து குழம்பு வைத்தார்கள்.

அதற்குள் சாமிதுரைக்கு அருள் வந்துவிட்டது. கிடாயைச் சுற்றி வந்து, நான்கு எழுத்தின் முன்னால் நின்று, வீரனாராக அதட்டினார். “எவன் பேரு வெட்டின பாத்திரத்த எங்கிட்ட நீட்டுற? நாளைக்கு ஒடயவன் வந்து கேட்டா எனக்குல்ல கெட்ட பேரு! அவனா உட்டுக் குடுத்தா வாங்கிக்கிறேன். போ.” பந்திக்கு இரவல் வாங்கிய அண்டாவைப் பேர் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் மக்களுக்கு இதில் விளங்காதது எதுவும் இல்லை. கொளஞ்சியப்பன் அரிவாளைத் துணியில் சுற்றினார். அடுத்த மாசிக்குப் பார்க்கலாம் என்று கலைந்தார்கள்.

ஆடிக்குள் கிடாயின் விலாவில் மறுபடி எழுத்து முளைத்தது. இந்த முறை வேறு மொழி. எழுத்து அதே சதுரம், ஆனால் படித்தால் அரமேயம். வெற்றிச்செல்விக்குப் பாதி புரிந்தது. எபிரேயத்துக்கு உடன்பிறந்தது அது என்றாள். வீட்டிலும் சந்தையிலும் பேசியது, எழுதிக்கொண்டது அந்த மொழிதானாம். அவள் படிக்கப் படிக்க, கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே வழி, வடக்கே இன்னார் பாகம் என்று வந்தது. கொளஞ்சியப்பன் தலை நிமிர்ந்து, “அட, கிரயப் பத்திரம்டி இது” என்றார். ஈச்சந்தோப்பு ஒன்றை யாரோ விற்றிருக்கிறார்கள். மாசியில் தண்ணீர் ஊற்றினார்கள், தோப்பு கரைந்தது, நான்கு எழுத்து நின்றது, கிடா சிலுப்பவில்லை. மூன்றாம் வருடம் முழுவதும் அந்தக் குச்சிக் கொம்பு எழுத்திலேயே வந்தது. நான்காம் வருடம் வரிகள் இடமிருந்து வலமாகப் போனதைப் பார்த்துவிட்டு, ஆட்டுக்குக் குணமாகிவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அது கிரேக்கம். அவர்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் எழுதும்போதும் சிலர் சாமி பேரை மட்டும் பழைய எழுத்திலேயே விட்டிருக்கிறார்கள் என்று வெற்றிச்செல்வி காட்டினாள். அந்த நான்கு எழுத்து, கிரேக்கத்துக்கு நடுவில், வெளியூர்க் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மூர்ப் பெரியவர் மாதிரி இருந்தது. ஐந்தாம் ஆறாம் வருடங்களில் வரிகளில் ஓட்டை ஓட்டையாக வந்தது; பூச்சி தின்ற ஏட்டுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் கவலைப்படாமல் சொன்னாள். இதற்குள் ஊரில் கிடாய்க்கு ‘வாத்தியார்’ என்று பேர் விழுந்துவிட்டது. மழையின் முதல் துளிக்கே வாத்தியார் கொட்டகைக்குள் ஓடிவிடும். கடைசிவரை அது மழையில் நனைந்ததை யாரும் பார்த்ததில்லை.

2020இல் கொரோனா வந்தது. ஊர் அடங்கிக் கிடந்த அந்த ஆடியில் சதுர எழுத்து திரும்ப வந்தது. வெற்றிச்செல்வி உயிர் ஒலியை உத்தேசமாகப் போட்டு வாசித்தாள், ஒரு சொல்கூட விளங்கவில்லை. வேலை போய்க் குவைத்திலிருந்து திரும்பியிருந்த டிரைவர் சிக்கந்தர் பாய் முந்திரிக்கொட்டை வாங்க வந்தவர், முகக்கவசத்தை இறக்கிவிட்டு, “இன்னொரு தடவ சொல்லுமா” என்றார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள்.

“யா அல்லா, இது அரபாச்சே! பழைய அரபு. பாதிதான் புடிபடுது. மொளகுங்கறான், கப்பலுங்கறான்… பொண்டாட்டிக்கு எழுதறான்மா. காத்து மாறல, அதான் வர முடியல, வந்துடுவேன்கறான்.”

அவருக்கு அந்த எழுத்து தெரியாது, அவளுக்கு அந்த மொழி தெரியாது. கொட்டகை வாசலில் ஆறடி இடைவெளி விட்டு உட்கார்ந்து, அவள் சத்தத்தைக் கொடுக்க அவர் அர்த்தத்தைக் கொடுத்தார். மதியத்துக்குள் கடிதம் முடிந்தது. அந்த மக்கள் எந்த ஊரில் போய் இருந்தார்களோ அந்த ஊர்ப் பேச்சைத் தங்கள் எழுத்திலேயே எழுதிக்கொண்டார்கள் என்று பெரியவர் சொன்னது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அரபு நாட்டில் அரபு, ஸ்பெயினில் ஸ்பானியம், பாரசீகத்தில் பாரசீகம். பேச்சு போகிற ஊருக்கெல்லாம் மாறும், எழுத்து மட்டும் பெட்டியோடு கூடவே வரும். சிக்கந்தர் பாய் போன பிறகு கொளஞ்சியப்பன் கேட்டார், “அந்தக் கப்பல்காரன் வூடு போய்ச் சேந்தானா?” அவளுக்குத் தெரியவில்லை. விலாவில் இடம் அதோடு முடிந்திருந்தது.

இப்படிப் பத்து மாசி போனது. கொளஞ்சியப்பனுக்குச் சர்க்கரை வந்தது, சம்பூர்ணத்துக்கு மூட்டு வலி வந்தது, வாத்தியாருக்குப் பல் ஆடியது. கடிகாரம் பின்னாலேயே ஓடியது. அவளைப் பார்க்க வருகிறவர்கள் மணி கேட்டால், கேட்டுவிட்டுத் தாங்களே இரண்டரையைக் கூட்டிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். 2024 ஆடியில் கிடாயின் விலா வெறுமையாக, நான்கு எழுத்தோடு இருந்தது. புரட்டாசியிலும் ஒன்றும் முளைக்கவில்லை. ஆட்டுக்கு வயசாகிவிட்டது என்றார்கள். தை கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது.

வெற்றிச்செல்வி அதைத் தண்ணீர் காட்டப் போனபோது பார்த்தாள். படிப்பதற்கு முன்னால் கையெழுத்தைப் பார்த்தாள். அந்த எழுத்துகளில் ஒன்று குடம் போல இருக்கும், வாய் உள்பக்கம் மடங்கி. பெரியவருக்குக் கை நடுக்கம் வந்த பிறகு அவர் குடம் எப்போதும் இடது பக்கம் சாய்ந்து, தண்ணீர் சிந்தப்போவது போலவே இருக்கும். இங்கேயும் சாய்ந்திருந்தது. வரியை வலமிருந்து இடமாக வாய்விட்டுப் படித்தாள். எபிரேயம் இல்லை. அரமேயம் இல்லை. ‘போயிட்டு வா’ என்று இருந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொளஞ்சியப்பன் ஓடி வந்து என்ன என்று கேட்டார். அவள் படித்துக் காட்டினாள். அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “நல்ல மனுசன்” என்றார். பதினோரு வருடத்தில் பெரியவரைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

அந்த மாசியில் குடத்தை வெற்றிச்செல்விதான் தூக்கினாள். சம்பூர்ணம் உட்பட நாற்பத்து மூன்று பேர் கோயில் வாசலில் சுற்றி நின்றார்கள். ஆண்கள் வழக்கம் போல வெள்ளைச் சட்டை. அவள் தலையிலிருந்து வால்வரை ஒரே சீராக மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். குடம் காலியாகும் முன்பே வாத்தியார் சிலுப்பியது. கொம்பிலிருந்து குளம்புவரை சிலுப்பியது. அந்த ஒரு வரியும் நான்கு எழுத்தும் மட்டுமில்லை, பதினோரு வருடத்து எழுத்தும் அதன் முடிக்கு அடியில்தான் இருந்திருக்க வேண்டும். பாட்டும் பத்திரமும் கிரேக்கமும் கப்பல்காரன் கடிதமும் தண்ணீரோடு தெறித்து, சுற்றி நின்றவர்களின் சட்டையிலும் வேட்டியிலும் புடவையிலும் விழுந்தன. நான்கு பழைய எழுத்தும் வரிசை குலையாமல் கொளஞ்சியப்பனின் சட்டைப் பைக்கு மேலே போய் உட்கார்ந்தன. கிடா சுத்த வெள்ளையாக நின்றது.

சாமிதுரை குனிந்து அதன் விலாவைத் தடவிப் பார்த்தார். “பாத்திரம் சுத்தமா இருக்கு. எடுத்துக்கிட்டேன்” என்று வீரனார் சொன்னார். கொளஞ்சியப்பன் ஒரே வெட்டில் முடித்தார்.

பதினோரு வயசுக் கிடா. கறி வேகவில்லை, பப்பாளிக்காயை வெட்டிப் போட்டும் சாயங்காலம் ஆகிவிட்டது. இருந்து எல்லோரும் சாப்பிட்டார்கள், வெற்றிச்செல்வியும் சாப்பிட்டாள். கை கழுவி வந்து, சம்பூர்ணத்திடம் மணி என்ன என்று கேட்டு, கடிகாரத்தின் திருகை இழுத்துத் திருப்பி வைத்தாள். சம்பூர்ணம் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய் ஆரத்தி கரைத்து எடுத்து வந்தாள். வாசலில் நிற்கவைத்து மூன்று சுற்று சுற்றி, “இப்பவாச்சும் உள்ள வா” என்றாள். வெற்றிச்செல்வி ஊருக்குத் திரும்பிவந்தது 2025 மாசி என்றுதான் அந்தக் குடும்பத்தில் இப்போது சொல்கிறார்கள்.

ஆட்டின் மேல் தண்ணீருக்குக் கரைந்த மை, துணியில் எந்த சோப்புக்கும் கரையவில்லை. யாரும் அதற்காகச் சட்டையை ஒதுக்கி வைக்கவும் இல்லை. ஆண்டிமடம் சந்தையில் தோளில் இரண்டு எழுத்தோடு ஒருவர் கத்தரிக்காய் பொறுக்கினால், அவர் அன்றைக்குக் கோயிலில் இருந்தவர் என்று தெரிந்துகொள்ளலாம். கிழிந்தால் மட்டும் அவற்றைக் கரித்துணியாக்குவதில்லை, மோட்டார் துடைப்பதில்லை. கொளஞ்சியப்பன் வீட்டில் வெற்றிச்செல்வி கொண்டுவந்த அந்தப் பெட்டி இருக்கிறது. அதில் கொண்டுவந்து போடுகிறார்கள். முதலில் போனது கொளஞ்சியப்பனின் சட்டை, கிழியாமலே. பெட்டி நிறைந்ததும் முந்திரிக்காட்டில் புதைப்பது என்று பேச்சு. குழிக்கு இடம் பார்த்தாகிவிட்டது.

மற்ற சட்டைகள் வாரம் ஒருமுறை துவைத்துக் கொடியில் காய்கின்றன. எழுத்துகள் கொடியிலிருந்து கீழே தொங்குகின்றன. அந்தப் பக்கம் போகும்போது வெற்றிச்செல்வி வலது ஓரத்திலிருந்து ஒரு பார்வை ஓட்டுவாள். எந்தச் சட்டைக்கு அடுத்து எந்தச் சட்டையைப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, சில நாள் அது ஒரு சொல்லாகிறது. அப்போது வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போகிறாள். அவர்கள் சரி என்று கேட்டுக்கொண்டு, துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கிறார்கள்.